சத்தம் கூடினால் வேகம் கூடுமா? மாற்றுப் புகைப்போக்கி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலாக்கா, ஜாசின் மாவட்டத்தில் இருக்கும் நியாலாஸில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் இல்லை. செம்பனைத் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் தொழிற்சாலை ஷிஃப்டுக்கும் அதில்தான் போயாக வேண்டும். அதே மோட்டாரில் இளைஞர்கள் ஆசைப்பட்டு மாற்றும் பொருள்களில் ஒன்று புகைப்போக்கி, அதாவது பட்டறையில் எல்லாரும் கேட்கும் ‘எக்ஸோஸ்’. பசங்க சொல்ற காரணம் ரெண்டு: பிக்-அப் ஏறும், சத்தம் கெத்தா இருக்கும்.

சத்தம் வருவது உண்மை. பிக்-அப்?

பவர் எவ்வளவு கூடும்?

யமஹா ஒய்15, ஹோண்டா ஆர்எஸ்150 போன்ற 150 சிசி கப்சாய்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே ஏறக்குறைய 15 குதிரைத்திறன் கொடுக்கும். புகைப்போக்கியை மட்டும் மாற்றி 5 சதவீதம் கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிடைப்பது முக்கால் குதிரைத்திறன். அதுவும் எஞ்சின் உச்சச் சுற்றில் ஓடும்போதுதான் தெரியும்.

ஆனால், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு தோட்டச் சாலையில் மேடு ஏறும்போது தேவைப்படுவது கீழ்ச்சுற்றில் கிடைக்கும் இழுவை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், வெளியே பாயும் புகை தனக்குப் பின்னால் குறைந்த அழுத்தத்தை விட்டுச் செல்லும். அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்து, புதிய பெட்ரோல் கலவைக்கு இடம் கொடுக்கும். குழாயின் நீளமும் அகலமும் இதற்காகவே கணக்குப் பார்த்து அமைக்கப்பட்டவை. அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால் புகையின் வேகம் குறையும். முதலில் அடிவாங்குவது அந்த இழுவைதான்.

அப்போ பந்தய மோட்டார்களில் ஏன் மாற்றுகிறார்கள்? அங்கே குழாயோடு சேர்த்து பெட்ரோல் அளவை முடிவு செய்யும் இசியூவையும் மறுபடி செட் பண்ணுகிறார்கள். அதைச் செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால், திராட்டிலை முழுசா திருகும்போது காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போக வாய்ப்பு உண்டு. எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். வினையூக்கி மாற்றி இருக்கும் மோட்டாரில் அதையும் கழற்றிவிட்டால், கார்பன் மோனாக்சைடு மாற்றப்படாமல் அப்படியே வெளியே வரும்.

எத்தனை நாள் தாங்கும்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நீண்ட தூரம் ஓட்டினால் குழாய் சூடாகி ஆவி வெளியே போய்விடும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் மோட்டாரில் அது உள்ளேயே தங்கும். வருஷம் முழுக்க மழை பெய்யும் நம் ஊரில் வெளியிலும் ஈரம். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரம் பட்டால், அதில் இருக்கும் குளோரைடு அரிப்பை இன்னும் வேகப்படுத்தும். சாதாரண இரும்பில் குரோம் பூசிய மலிவான குழாய், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துருப்பிடிப்பது இப்படித்தான்.

304 ரக துருப்பிடிக்காத எஃகு நன்றாகத் தாங்கும். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். சூட்டில் அது நீலநிறமாக மாறுவது பழுது இல்லை. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. விலை குறைந்த 201 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, உள்ளே இருக்கும் கண்ணாடிப் பஞ்சு. கம்பெனிப் புகைப்போக்கி பெரும்பாலும் உலோக அறைகளை வைத்துச் சத்தத்தை அடக்கும். மாற்றுப் புகைப்போக்கிகளில் பெரும்பாலானவை பஞ்சை நம்பியவை. சூட்டிலும் புகையின் அழுத்தத்திலும் அந்தப் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் பறந்துபோகும். அதனால் வாங்கிய அன்று கேட்ட சத்தம் அப்படியே நிற்காது. மாதங்கள் போகப் போக ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வாகன இரைச்சலுக்கு 1987-ஆம் ஆண்டிலிருந்தே சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் உண்டு. வாகன அமைப்பும் பயன்பாடும் குறித்த 1959-ஆம் ஆண்டு விதிகளும் புகைப்போக்கிக்குப் பொருந்தும். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 119(2) பிரிவின் கீழ் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு.

சாலைத் தடுப்பில் சம்மன் வருவது ஓட்டுபவர் கைக்குத்தான். ‘வாங்கும்போது சத்தம் இல்லை சார்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பஞ்சு கருகிப்போனால் அதை மாற்ற வேண்டிய பொறுப்பும் அவருடையதே.

டெசிபெல் கணக்கையும் பார்க்க வேண்டும். 10 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் 10 மடங்காகும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். நம் நாட்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். இதன்படி 100 டெசிபெலை 15 நிமிஷம்தான் கேட்கலாம். அந்த மோட்டார்மேல் தினமும் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் இதே கணக்குதான். இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாங்கியே ஆக வேண்டுமானால்?

காசு கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ‘அண்ணே, இது என்ன ரக எஃகு? பஞ்சு மாற்றக் கழற்ற முடியுமா? என் மோட்டாரின் ஆக்சிஜன் சென்சாருக்கு இடம் இருக்கா? சத்த அளவுக்கும் அங்கீகாரத்துக்கும் எழுத்தில் ஏதாவது இருக்கா?’ நேரான பதில் வராவிட்டால் அந்தக் குழாய் வேண்டாம்.

பழைய கம்பெனிப் புகைப்போக்கியை விற்றுவிடாதீர்கள். நியாலாஸ் மாதிரி ஊரில் மோட்டார் ஒரு வாரம் நின்றால் அந்த வாரச் சம்பளமும் நிற்கும். பிக்-அப்தான் குறை என்றால், அதே காசில் செயின், ஸ்ப்ராக்கெட், காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தேய்ந்துபோன செயினும் அடைத்த வடிகட்டியும் தின்னும் பவரை எந்தப் புகைப்போக்கியும் திருப்பித் தராது.