மாமனார் சொன்ன மீப்பாய்

போன சீசனுக்குத் தென்காசி போயிருந்தேன். மாமனார் வீடு. அருவிக் குளியலுக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பைசா செலவில்லை. பி.காம். படித்தவன் புத்தி வேறெப்படி இருக்கும், சொல்லுங்கள்!

மாமா ரிட்டயர்டு தமிழாசிரியர். எண்பது வயது. இரண்டு வருஷமாக மறதி. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த... இது எங்க?" என்பார். ஒருநாள் என்னைப் பால்காரர் என்று நினைத்து, "நேத்து தண்ணி ஜாஸ்தி" என்று கண்டித்தார். தலையாட்டி வைத்தேன்.

சாயங்காலம் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனோம். ராஜகோபுர வாசல் காற்று தெரியுமில்லையா? மலைப் பக்கமிருந்து வந்து ஆளையே தள்ளும். என் வேட்டி புஸ்ஸென்று உப்பி மேலே கிளம்பிவிட்டது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நான் நாட்டியம் ஆட, மாமா கை தட்டிச் சிரித்தார்.

"மீப்பாயி மாப்ளே... மீப்பாயி!"

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "இப்படித்தான் வாயில வந்ததப் பேசுதாக. டாக்டர்ட்ட சொல்லி மாத்திரையக் கூட்டணும்."

ராத்திரி பத்தமடைப் பாயில் படுத்தும் தூக்கம் வரவில்லை. மீப்பாய்? எழுந்து மாமாவின் அலமாரியைக் குடைந்தேன். புறநானூறு. புரட்டினால் 30-ஆம் பாட்டில், அந்த ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்பு மைக் கோடு!

உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. பெரிய கப்பல் ஒன்று காவிரிப்பூம்பட்டினத்துக்குள் நுழைகிறது. ஆற்று முகத்தில் ஆழம் போதாதென்றால் பாயை இறக்கி, சரக்கையும் குறைத்துத்தான் உள்ளே வரவேண்டும். இதுவோ பாய்மரமும் அதன் மேல்பாயும் அப்படியே நிற்க, பாரமும் குறையாமல் ஜம்மென்று வருகிறது. அந்த மேல்பாய்தான் மீப்பாய்!

பாய் பிழைக்கத் தெரிந்த சொல். கடலில் விரித்தால் காற்று வாங்கும், வீட்டில் விரித்தால் தூக்கம் வாங்கும். குற்றாலத்தில் வினைச்சொல்லாகி மலையிலிருந்தே பாயும். மீப்பாய்க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கப்பலோடு போய்ப் புத்தகத்துக்குள் படுத்துவிட்டது.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான். காற்று அதிகம் பிடிக்க, பாயின் அடியில் சேர்த்துக் கட்டும் துண்டுக்குப் பழைய மாலுமிகள் 'பானட்' என்றார்கள். தலைக்குல்லாவுக்கும் அதே பெயர். பாய்த் துண்டு மறைந்தது. குல்லா மோட்டார் காருக்கு மூடியாகிவிட்டது. "பானட்டத் தூக்குலே" என்று பையனை அதட்டுகிற நம்மூர் மெக்கானிக்குக் கப்பல் ஞாபகம் வருமா என்ன?

காலையில் அத்தையிடம் புத்தகத்தைக் காட்டினேன். சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப... இவுக சரியாத்தான் சொல்லியிருக்காக?"

"நூத்துக்கு நூறு, அத்தை."

"நாந்தான் மாத்திரையக் கூட்டச் சொன்னேன்..." முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

டாக்டரிடம் போகத்தான் வேண்டும். சீப்புக்கு இன்னும் பேர் திரும்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாமா எதையாவது சொன்னால் அத்தை அடிக்க வருவதில்லை. காலண்டர் தாளில் எழுதி வைத்து எனக்கு போன் போடுகிறார். போன வாரம் வந்தது, 'ஆலாத்து'. அகராதியைப் பார்த்தேன். கப்பல் கட்டும் கனத்த வடக்கயிறு!

ஊர் திரும்பும் முன் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனோம். சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று. யவனர் கப்பல்களை முசிறிக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் இந்தப் பருவக்காற்றுதான். மாமாவின் ஈர வேட்டியை உலர்த்த, நான் இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினேன். படபடவென்று உப்பியது.

கை வலித்தது. "போதுமா மாமா? எறக்கட்டுமா?"

"எறக்காதீக மாப்ளே" என்றார், என்னை நேராகப் பார்த்து. "சரக்கு இன்னும் உள்ள கெடக்கு."