முன்பக்கத்தார், பின்பக்கத்தார்

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலை. 1931 நவம்பரில் அங்கே 14 தொழிலாளர்களுக்குத் தனி அறை கொடுத்து, அவர்கள் வேலை செய்யும் விதத்தை ஓர் ஆய்வாளர் கூடவே இருந்து கவனித்தார். கம்பி இணைப்பவர்கள் 9 பேர், பற்றவைப்பவர்கள் 3 பேர், பரிசோதகர்கள் 2 பேர்.

அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு வட்டங்கள்: அறையின் முன்பக்கத்தில் வேலை செய்தவர்கள் ஒன்று, பின்பக்கத்தில் செய்தவர்கள் இன்னொன்று. முன்பக்கத்தார் தங்களை ஒரு படி மேலாக நினைத்தார்கள். செய்ததோ ஏறக்குறைய ஒரே வேலைதான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்குக்கூடத் தகராறு வந்தது. எதிலும் சேராமல் நின்றவர்களும் இருந்தார்கள்.

எல்லோருடைய உற்பத்தியையும் சேர்த்தே கூலி. கூடுதலாகச் செய்தால் எல்லோருக்கும் லாபம். ஆனாலும் நாளுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். தாண்டியவருக்கு மேல்கையில் குத்து விழுந்தது. அறிவுத்திறன், கைத்திறன் சோதனைகள் வைத்துப் பார்த்ததில் திறமைக்கும் உற்பத்திக்கும் பொருத்தமே இல்லை. மிகக் குறைவாக வேலை செய்தவர்தான் அறிவுச் சோதனையில் முதலிடம். யார் எந்த வட்டம் என்று பார்த்த பிறகே கணக்கு புரிந்தது. இந்த ஆய்வைப் பற்றி ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட நூலில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

நாடகக் குழு, திரைப்படச் சங்கம், சிற்றிதழ் எதுவானாலும் இதே கதைதான். ஏழு பேர் கூடினால் 21 இணைகள். எல்லோரிடமும் ஒரே அளவு நெருக்கம் யாருக்கும் சாத்தியமில்லை. சிலரோடு மட்டும் நெருங்குவதை நாங்கள் குறை சொல்லவில்லை. நட்பு இல்லாவிட்டால், சம்பளமில்லாத இந்த இதழ் வேலைக்காக நள்ளிரவு வரை உட்கார்ந்து புரூஃப் பார்க்க யார் வருவார்கள்?

கேடு வருவது டீக்கடையில் முடிவான விஷயம் கூட்டத்துக்குக் ‘கருத்து கேட்க’ வரும்போதுதான். வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். சில கூட்டங்களில் வாதாடிப் பார்ப்பார். அப்புறம் “நீங்க சொல்றபடியே செஞ்சுடலாம்” என்று எழுந்துவிடுவார். இப்படி ஒதுங்குபவர் பெரும்பாலும், வந்த குறுநாவலைக் கடைசி வரிவரை படித்துவிட்டு வந்தவராக இருப்பார்.

வட்டத்துக்குள் நடப்பது இன்னும் மோசம் என்பது எங்கள் எண்ணம். தனியாக இருக்கும்போது ஒரு கவிதைக்காகக் கடுமையாகச் சண்டை போடுகிற இரண்டு நண்பர்கள், மற்றவர்கள் முன்னால் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதில்லை. இரண்டு வாசிப்புகள் வரவேண்டிய இடத்தில் இதழுக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. யாருடைய கவிதையோ அதனால் திரும்பிப் போகிறது.

ஆகவே இந்த இதழிலிருந்து, வரும் படைப்புகளை எழுதியவர் பெயரில்லாமல் ஆசிரியர் குழுவுக்குத் தருகிறோம். ஒவ்வொருவரும் தன் கருத்தைத் தனியாக எழுதிக் கொடுத்த பிறகே கூடிப் பேசுவோம். குழுவின் நண்பர்கள் அனுப்பும் படைப்புகளுக்கும் இதே முறைதான். பதில் வரச் சற்றுத் தாமதமாகும். படைப்பாளிகள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.