"இனிமே பண்ண மாட்டான் சிஸ்டர்!"

ரொம்ப நாளாக மனசுக்குள்ளேயே கிடந்த விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று சம்பந்தப்பட்டவனிடமே கேட்டேன். "பேரைப் போடாம எழுதுண்ணே, நாலு பேர் படிக்கட்டும்" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

என் மாமா பையன். 38 வயசு. கடை வைத்து நொடித்து, கழுத்து வரைக்கும் கடன். ஒருநாள் ராத்திரி உயிரை விடத் துணிந்துவிட்டான். நல்லவேளை, மனைவி பார்த்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம் (பேர் வேண்டாம்). உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர்களுக்கு ஆயுசுக்கும் நன்றி. அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. என் சண்டை, அதுக்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

மூணாம் நாள் காலையில் டிஸ்சார்ஜ். கட்டிலைச் சுற்றி அவன் அப்பா, மனைவி, கடன் கொடுத்த மச்சான், நான் என்று எட்டுப் பேர். நர்ஸம்மா ஒரு ஃபாரத்தோடு வந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "இன்னும் அந்த எண்ணம் இருக்கா?" என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள், "இல்ல சிஸ்டர், இனிமே பண்ண மாட்டான்" என்று ஒரு குரல். ஒரு டிக். அப்புறம் டாக்டர் வந்து, "படிச்சவன்தானே நீ? புள்ளகுட்டி இருக்குல்ல?" என்று ஒரு டோஸ் விட்டார். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மொத்தமே ரெண்டு நிமிஷம்.

அந்தக் குரல் என்னுடையதுதான்.

ஆறு மாசம் கழித்து டீக்கடையில் வைத்துச் சொன்னான். "கையெழுத்துப் போடும்போதே அடுத்து எப்பன்னுதான்ணே யோசிச்சிட்டிருந்தேன். மச்சானைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்றது?" எனக்கு டீ உள்ளே இறங்கவில்லை.

இதுக்குப் பேர் பரிசோதனையாம்! நெஞ்சு வலின்னு போனா "இனிமே வலிக்காதுன்னு எழுதிக் குடு"ன்னு எந்த டாக்டராவது கேப்பாரா? மனசு என்றால் மட்டும் ஏன் சாமி ஒரு பத்திரம்?

அப்புறம் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஸேட் பெர்சன்ஸ் என்று ஒரு அளவுகோல், 1983-ல் மருத்துவ மாணவர்களுக்காக வந்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். பின்னால் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் புழங்கியது. நம்மாளுக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணம் ஆனவன், மார்க் இல்லை. குடிப்பழக்கம் கிடையாது, மார்க் இல்லை. ஆதரவுக்கு ஆள் இருக்கா? எட்டுப் பேர் நிற்கிறோமே, மார்க் இல்லை! ஆக ஆபத்து கம்மி. அவனைக் கொன்றுகொண்டிருந்த கடனுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் அமைப்பு நைஸ். 2022 செப்டம்பரில் அது தெளிவாகவே சொல்லிவிட்டது: தற்கொலையையோ, மறுபடி தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையோ முன்கூட்டிக் கணிக்க இந்த மார்க் பட்டியல்களைப் பயன்படுத்தாதீர்கள். யாருக்கு சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதையும் இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்று ஆளுக்கு முத்திரை குத்தாதீர்கள். அதுக்குப் பதிலா என்ன? உட்கார்ந்து பேசுங்கள். என்ன நடந்தது, என்ன தேவை, எது தாங்கிப் பிடிக்கும் என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். ஜோசியம் பார்க்காதே, ஆளைப் பார் என்கிறது. அவ்வளவுதான்.

"கேட்டா இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமே" என்பார்கள். ஆகாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்பது அடுத்தது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மறுபடி நடக்காமலிருக்க சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவில் இருக்கிறது. பழைய 309-ம் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்க முயற்சி செய்தால் மட்டும்தான் குற்றம். கடமை என்று சட்டமே சொன்ன பிறகு ரெண்டு நிமிஷ டிக் எந்தக் கணக்கில் சேர்த்தி?

"நூறு பேஷண்ட் நிக்கிறாங்க, நேரம் எங்க சார்?" இது நியாயமான கேள்வி. வார்டில் நர்ஸ்கள் ஓடுகிற ஓட்டத்தை நானும் பார்த்தேன். ஆனால் இதுக்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008-ல் வெளியிட்டது. ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் 9 தடவை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்று விசாரிப்பு. வழக்கமான கவனிப்பில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. பெரிய மெஷின் இல்லை. ஒரு மணி நேரம், ஒரு போன்!

நம்மாள் எப்படித் தப்பினான்? தூக்கம் வரலை என்று ரெண்டு வாரம் கழித்து மனைவி ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் செய்த முதல் காரியம், மனைவியை வெளியே உட்காரச் சொன்னது. ரெண்டாவது, "உயிரோட இருக்க வேணாம்னு இப்பவும் தோணுதா?" என்று நேராகக் கேட்டது. இவன் அழுது முடிக்கும்வரை அவர் எதுவும் எழுதவில்லையாம். அடுத்த வாரம் வரச் சொல்லி, நடுவில் அவரே ஒரு தடவை போன் பண்ணினாராம்.

ஆஸ்பத்திரிக்காரர்களே, ஃபாரம் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா தனியா கேளுங்க, உட்கார்ந்து கேளுங்க, வீட்டுக்குப் போனவனுக்கு ஒரு போன் போடுங்க.

சொந்தக்காரர்களே, உங்களுக்கும் ஒண்ணு (எனக்கும்தான்). நர்ஸம்மா ஃபாரத்தோட வர்றப்ப பதிலை நீங்க சொல்லாதீங்க. எட்டுப் பேரும் எழுந்து டீ குடிக்கப் போங்க.

டிஸ்கி: உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படித் தோன்றினால் அரசின் டெலி மனஸ் எண் 14416. ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.