வாக்கு ஓரிடம், வீடு ஓரிடம், பாடசாலை வேறிடம்

2025 மே 6ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. நுவரெலியா மாவட்டத்தில் வாக்குக் கேட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் வழக்கம்போல வீதி, குடிநீர், தெருவிளக்கு, வீடு என்று வாக்குறுதிகளை அடுக்கின. சில மேடைகளில் பாடசாலையும் பேசப்பட்டது. வகுப்பறைகள் கட்டித் தருவோம், ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்ப்போம் என்றார்கள். கேட்ட பெற்றோர் கைதட்டினார்கள். ஆனால் பிரதேச சபைக்கு ஓர் ஆசிரியரை நியமிக்கும் அதிகாரமும் இல்லை, ஒரு வகுப்பறையைக் கட்டும் பொறுப்பும் இல்லை. இதை மேடையில் நின்றவர்கள் அறிவார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பதுதான் என் கேள்வி.

தோட்டப்புறப் பாடசாலைகளின் வறுமையையும் நகரப் பாடசாலைகளின் நெரிசலையும் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் ஆசிரியர் பற்றாக்குறையோடு நின்றுவிடுகிறோம். அதற்கும் அப்பால் ஒரு காரணம் இருக்கிறது. மலையகத் தமிழன் வாக்களிக்கும் சபை ஒன்று, அவனுக்கு வீடு கட்டும் அமைப்பு வேறொன்று, அவன் பிள்ளையின் பாடசாலையை நடத்தும் நிர்வாகம் மற்றொன்று. இம்மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதில்லை. அதன் விலையைக் கொடுப்பது பிள்ளைகள்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இந்த நிலை விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் பாடசாலைச் செலவின் கணிசமான பங்கு உள்ளூரில் அறவிடப்படும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. ஆகவே அங்கே உள்ளூர்த் தேர்தல் என்பது பாடசாலைத் தேர்தலும்தான். செல்வந்தர் வாழும் பகுதிக்கு நல்ல பாடசாலை, ஏழைகள் வாழும் பகுதிக்கு நலிந்த பாடசாலை என்ற பெருங்குறை அம்முறையில் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ, புதிய குடியிருப்புகள் எழும்போது பாடசாலைக் காணி வாங்குவதற்கென ஒரு கட்டணத்தை அறவிடப் பல கல்விச் சபைகளுக்குச் சட்டம் இடமளிக்கிறது. வீடு வந்தால் பிள்ளை வரும், பிள்ளை வந்தால் பாடசாலை வேண்டும் என்ற எளிய கணக்கை அச்சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நமது மலையகத்தில் அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் பாடசாலைகள் இரு வகையாயின. தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஏனைய பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் வந்தன. தோட்டப்புறப் பாடசாலைகள் அனேகமாக யாவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அப்படியானால் ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தாய் தன் பிள்ளையின் வகுப்பறை பற்றிக் கேள்வி கேட்க வேண்டியது மத்திய மாகாண சபை உறுப்பினரிடம். அந்த உறுப்பினர் எங்கே? மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அதன் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிவடைந்தது. அதற்குப் பின் ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணக் கல்வியை நடத்திவந்தனர். 2018இல் தரம் 1இல் சேர்ந்த பிள்ளை 2025இல் தரம் 8இல் அமர்ந்திருந்தது. அந்தப் பிள்ளையின் பாடசாலைக்குப் பொறுப்பான சபைக்கு 2018 அக்டோபருக்குப் பின் மக்கள் தெரிவுசெய்த ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை.

வடக்கு கிழக்கு அரசியல்வாதிகள் மாகாண சபைத் தேர்தலைக் கோரும்போது அதை அதிகாரப் பகிர்வுப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். மலையகத்தில் அது கரும்பலகைப் பிரச்சினை, கழிவறைப் பிரச்சினை, கணித ஆசிரியர் பிரச்சினை. மலையகக் கட்சிகள் இந்தக் கோரிக்கையை உரத்த குரலில் எழுப்பாதது எனக்கு இன்றும் புரியாத ஒன்று.

பிரதேச சபைகளுக்குப் பாடசாலையோடு தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பாடசாலைக்கு நடக்கும் பாதை சபையின் பொறுப்பு. மழைக்காலத்தில் சறுக்கும் படிக்கட்டு, பெருகும் ஓடையின் மேல் பாலம், குப்பை, தெருவிளக்கு ஆகிய யாவும் சபையின் பொறுப்பு. ஆனால் தோட்டப்புறத்தில் அந்தப் பொறுப்புக்கூட நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி 1991 முதல் சபைக்கு வாக்களித்தார். அவரது வாக்கால் தவிசாளர்கள் உருவானார்கள். ஆயினும் அவர் வசித்த லயத்துக்கு ஒரு பாதை போடச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்ற புதிய சபைகள் பிறந்தன. நல்ல காரியம். ஆனால் 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. அவ்வாண்டு மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. தேர்தலை நடத்தத் தவறியது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளுக்கும் மேலாகச் சபையும் இல்லை, மாகாண சபையும் இல்லை. மலையகப் பெற்றோரின் குரல் அதிகாரிகளின் தயவில் விடப்பட்டது.

வாக்குக்கும் பாடசாலைக்கும் உள்ள உறவை நம்ப மறுப்பவர்கள் மலையக வரலாற்றைப் பார்க்கட்டும். நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு 1945 முதல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் மட்டும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் இம்மக்களின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவனின் பிள்ளைக்குப் பாடசாலை கேட்க நாடாளுமன்றத்தில் ஆளில்லை. ஒற்றை மண்டபம், ஓர் ஆசிரியர், அதற்குள் ஐந்து வகுப்புகள் என்பதே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாயிற்று. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி முழுமை பெற்றதும் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான். பின்னர் 1980களில் சுவீடன், ஜேர்மனி நாடுகளின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. வாக்கு வந்தது, பாடசாலை வந்தது. இதைத் தற்செயல் என்று சொல்ல என்னால் இயலவில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று தலைமுறை வாழும் லயத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் 2015க்குப் பின் வேகம் பெற்றது. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளைத் தந்தது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகாரசபை 2018இல் சட்டப்படி உருவானது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை.

ஆனால் ஒரு தோட்டத்தில் ஐம்பது வீடுகளுக்கு இடம் தெரிவுசெய்யும்போது யார் யார் கூடுகிறார்கள்? தோட்ட முகாமையாளர் வருகிறார், ஏனெனில் காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் அதிகாரிகள் வருகிறார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் பயனாளிகளின் பட்டியலோடு வருகிறார்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒருவர் வந்து, இந்த ஐம்பது குடும்பங்களின் பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போவார்கள், அங்கே இடம் இருக்கிறதா, பாதை இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என எந்த ஏற்பாடும் நான் பார்த்த அளவில் இல்லை. கிராமம் என்று பெயர் வைக்கிறோம். பாடசாலை இல்லாத கிராமம் வீடுகளின் வரிசைதான். லயமும் வீடுகளின் வரிசைதானே!

இருக்கும் பாடசாலையை விரிவாக்கலாம் என்றால் அங்கும் காணியே குறுக்கே நிற்கிறது. பெருந்தோட்டக் காணி அரசின் சொத்து. 1992க்குப் பின் அது பிராந்தியக் கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. பாடசாலையின் வேலிக்கு அப்பால் கைவிடப்பட்ட தேயிலை காடாகக் கிடந்தாலும் அதிபர் ஒரு வகுப்பறைக்கு அடித்தளம் வெட்ட முடியாது. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏக்கர் காணி என்ற அறிவிப்பு நல்லாட்சிக் காலத்தில் வந்தது. அறிவிப்பு வந்த வேகத்தில் எல்லைக் கற்கள் நாட்டப்படவில்லை.

வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே இன்னொரு கயிறு இருக்கிறது. அதுதான் முகவரி. அரசாங்கப் பாடசாலையில் தரம் 1க்கு விண்ணப்பிப்போர் இடங்களைவிட அதிகமானால் பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகின்றன. அருகில் வசிப்பதை எப்படி நிறுவுவது? ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். வீட்டுரிமையைக் காட்டும் உறுதியோ குத்தகைப் பத்திரமோ இருந்தால் புள்ளிகள் கூடும். வீட்டுக்கும் விண்ணப்பித்த பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளிகள் குறையும். மேலும் கால்பங்கு அளவிலான இடங்கள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு உரியவை.

இந்த விதிகள் எழுதப்பட்டபோது லயத்தில் வாழும் குடும்பம் யாருடைய நினைவிலும் இருந்திருக்காது. நான்கு தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவருக்கு உறுதி இல்லை. கடிதம் வருவதே நெடுங்காலம் தோட்ட அலுவலகத்துக்குத்தான். பக்கத்தில் ஐந்தாம் தரம் வரை மட்டுமே உள்ள சிறு பாடசாலை இருப்பதால், ஹட்டன் நகரப் பாடசாலைக்கு விண்ணப்பித்தால் அந்தச் சிறு பாடசாலையே புள்ளியைக் குறைக்கிறது. தாய் தந்தையர் படித்ததும் தோட்டப் பாடசாலையில்தான் என்பதால் பழைய மாணவர் ஒதுக்கீடும் கிடையாது. வசதி சிறிது உள்ளவர்கள் நகரில் அறை எடுக்கிறார்கள், உறவினர் வீட்டு முகவரியைத் தேடுகிறார்கள், வான் கட்டணம் கட்டுகிறார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பெயர்பெற்ற பாடசாலைகளில் வகுப்புகள் பிதுங்குவது இதனால்தான். மேலே தோட்டத்தில் மிஞ்சிய பிள்ளைகளின் தொகை சுருங்குகிறது. பிள்ளைகளின் தலை எண்ணிக்கையை வைத்துப் பாடசாலைக்கு நிதி ஒதுக்கும்போது சிறு பாடசாலைக்குச் சிறு தொகையே வரும். நிதி குறைய ஆசிரியர் மாற்றம் கேட்கிறார். ஆசிரியர் போக இன்னும் சில பிள்ளைகள் கீழே இறங்குகிறார்கள். ஓரிடத்து நெரிசலும் இன்னோரிடத்து வெறுமையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

பாடசாலையே வீடாக மாறும் நாட்களும் மலையகத்தில் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூனாகலைப் பகுதிப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோதும் பாடசாலைகள் தஞ்சமளித்தன. பாதுகாப்பான வீட்டை உரிய காலத்தில் கொடுக்காத அரசு, அந்தக் கடனை வகுப்பறையிலிருந்து வசூலிக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

முதலில் சம்பளம், அடுத்து வீடு, பிறகு பாடசாலை என்று வரிசைப்படுத்துவோர் உண்டு. கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளம் போதாது என்பதை நானும் அறிவேன். ஆனால் சம்பளப் போராட்டம் முடியும்வரை ஆறு வயதுப் பிள்ளை ஆறு வயதிலேயே காத்திருக்காது. தோட்டங்களில் சனத்தொகை குறைகிறது, இனி அங்கே பாடசாலை எதற்கு என்று கேட்போரும் உண்டு. மக்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்ற கேள்விக்கான விடைகளில் ஒன்று அந்தப் பாடசாலைதான்.

கேட்கவேண்டியவை மூன்று. மாகாண சபைத் தேர்தலைத் தள்ளிப்போடாமல் நடத்த வேண்டும். வீடமைப்புத் திட்டம் ஒவ்வொன்றும் அங்கீகரிக்கப்படுமுன் வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து மூலமான கருத்து பெறப்பட வேண்டும். ஆரம்ப வகுப்புகள் வீட்டருகே, மேல் வகுப்புகள் பேருந்து போகும் பாதையில் என்று திட்டமிட்டால் சிறு பாடசாலைகளை மூடவும் தேவையில்லை, நகரை நெரிக்கவும் தேவையில்லை. மூன்றாவதாக, வீட்டோடு பதிவு செய்யப்பட்ட உறுதி கொடுக்கப்பட வேண்டும். அதுவரை தரம் 1 அனுமதியில் தோட்ட வதிவிடச் சான்றை உறுதிக்குச் சமமாக ஏற்கக் கல்வி அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். இதற்கு இந்திய உதவியும் வேண்டாம், புதிய வரியும் வேண்டாம்.

2025இல் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்களிடம் வகுப்பறை கேட்பதில் பயனில்லை. தங்கள் சபை எல்லைக்குள் எந்தப் பாடசாலைக்குப் பாதை இல்லை, எந்த வீட்டுத் திட்டத்துக்கு அருகே பாடசாலை இல்லை என்று ஒரு பட்டியலைத் தயாரித்துச் சபையில் நிறைவேற்றி மாகாணத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அதற்கு அதிகாரம் தேவையில்லை, அக்கறை போதும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்வோம்.