தும்புத்தடியுடன் நிற்கும் கடலோடி

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவிலிருந்து அக்கா தொலைபேசி எடுப்பது வழக்கம். ஊர்ப் புதினம், மழை, தேங்காய் விலை என்று சுற்றி வந்து கடைசியில்தான் தன் மனதில் இருப்பதைச் சொல்வார். சில மாதங்களுக்கு முன்னர் அப்படிச் சொன்னது இது: "தம்பி, நீ பேப்பர்க்காரன் எல்லோ, அவனுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லு. கப்பலிலை போறன் எண்டு போனவன், இப்ப அங்கை தும்புத்தடியோடை நிக்கிறான்."

அவன் என்பது என் மருமகன். வயது இருபத்தொன்று. கனேடியக் கடற்படையில் சேர்ந்து, கியூபெக் மாகாணத்தின் சென் ஜோன் பயிற்சிக் கல்லூரியில் அடிப்படைப் பயிற்சியை முடித்தான். அணிவகுப்பு நடந்தது. அக்காவும் அத்தானும் ரொறன்ரோவிலிருந்து காரில் போய்ப் படம் எடுத்து எனக்கும் அனுப்பினார்கள். அதன்பின் அவன் நாட்டின் மறுகரைக்கு, விக்ரோரியா நகருக்கு அருகிலுள்ள எஸ்குவைமால்ற் கடற்படைத்தளத்துக்கு அனுப்பப்பட்டான். அவன் தேர்ந்தெடுத்தது கப்பலின் இயந்திரங்களைப் பராமரிக்கும் தொழிற்பிரிவு. அந்தப் பயிற்சி எப்போது தொடங்கும் என்று கேட்டால், திகதி வரவில்லை என்பதே பதில். முதலில் இரண்டு மாதம் என்றார்கள். பின்னர் நான்கு என்றார்கள். அக்கா என்னிடம் முறையிட்ட நாளில் ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

நேவி என்ற சொல் வடக்குக் கரையோரத்து மனிதர்களுக்கு என்ன நினைவைத் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அக்கா அந்தச் சொல்லை விழுங்கிக்கொள்வதற்கே ஒரு வருடம் எடுத்தது. எஸ்குவைமால்ற் என்ற பெயரும் எங்களுக்கு அந்நியமானதன்று. 2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 492 தமிழர்களுடன் பசுபிக்கைக் கடந்து வந்த 'சன் சீ' என்ற கப்பலைக் கனேடியக் கடற்படை கொண்டுபோய்க் கட்டியது அந்தத் தளத்தில்தான். அந்த மனிதர்கள் இறங்கிய துறையில் இன்று எங்கள் பிள்ளையொருவன் சீருடையுடன் நிற்கிறான் என்பது எனக்குச் சிறிய விடயமாகத் தெரியவில்லை. அவனுக்கு அது தெரியாது. நான் சொன்னபோது சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எந்த ஜெற்றி மாமா?" என்று மட்டும் கேட்டான்.

இனி விடயத்துக்கு வருகிறேன். அடிப்படைப் பயிற்சிக்கும் தொழிற்பயிற்சிக்கும் இடையில் விடப்பட்டவர்களைக் கனேடியப் படையில் 'பாற்' என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள். பயிற்சிக்குக் காத்திருப்போர் என்பது பொருள். இவர்களுக்குச் சம்பளம் உண்டு, தங்குமிடம் உண்டு, காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அதன் பிறகு தளபாடம் தூக்குவது, இலை கூட்டுவது, வர்ணம் பூசுவது, காவலுக்கு நிற்பது, விழாவுக்குக் கதிரை அடுக்குவது என்று அன்றன்றைக்கு அகப்படும் வேலை. வேலை அகப்படாத நாட்களில் மதியத்துக்கு முன்பே அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அறையில் கட்டிலும் கணினி விளையாட்டும் காத்திருக்கும்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் எவருடைய கெட்ட எண்ணமும் அன்று. இயந்திரத் தொழிலைக் கற்பிக்க வேண்டியவன் அனுபவமுள்ள கடலோடி. அவன் கப்பலிலும் தேவைப்படுகிறான். அவனைக் கப்பலிலிருந்து எடுத்தால் கப்பல் புறப்படாது, எடுக்காவிட்டால் வகுப்பு நடக்காது. ஆள் பற்றாக்குறையே ஆளைப் பயிற்றுவிக்க முடியாத பற்றாக்குறையாகிவிடுகிறது. 2023 நவம்பரில் கனேடியக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் அங்கஸ் ரொப்ஷி ஒளிநாடா ஒன்றில் தோன்றி, தமது படை கடுமையான நெருக்கடியில் உள்ளது என்று பகிரங்கமாகவே சொன்னார். ஒரு தளபதி அப்படிப் பேசுவது அபூர்வம். 2025 ஒக்ரோபரில் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும், தேவையான அளவுக்கு ஆட்கள் சேர்க்கப்படவில்லை என்று கண்டது. வாசலில் ஆள் இல்லை என்று கூவிக்கொண்டே, உள்ளே வந்தவனைத் தும்புத்தடியுடன் நிறுத்தி வைப்பது எந்த நிர்வாகத்துக்கும் பெருமையன்று.

ஆகவே, "காத்திருக்கும் காலத்தை நல்ல முறையில் பயன்படுத்து" என்ற புத்திமதியை ஒரு மேலதிகாரி சொல்லும்போது எனக்குச் சற்றே எரிச்சல் வருகிறது. திகதியைத் தரவேண்டியவர் திகதிக்குப் பதிலாகப் புத்திமதியைத் தருகிறார். அதே புத்திமதியை நானும் என் மருமகனுக்குச் சொன்னேன். நான் சொல்வதற்கு எனக்கு ஒரு உரிமை உண்டு என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் திகதி வராமல் காத்திருந்தவன்.

எண்பதுகளின் இறுதியில் உயர்தரம் முடித்த எங்கள் வயதினரை வாசகர்கள் பலர் அறிவார்கள், அவர்களுள் சிலர் இதை வாசித்துக்கொண்டும் இருக்கலாம். தெற்கில் கிளர்ச்சி, வடக்கில் போர். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. பரீட்சையில் சித்தியெய்தியும் அனுமதிக் கடிதத்துக்காக இரண்டரை வருடம் இருந்தேன். முதல் ஒன்பது மாதங்களை நான் எப்படிச் செலவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சந்தி மதிலில் இருந்தேன். மத்தியானத்தில் முந்நூற்று நான்கு விளையாடினேன். கடுதாசி விளையாட்டில் அந்த ஒன்பது மாதத்தில் அடைந்த தேர்ச்சி இன்றுவரை எதற்கும் உதவியதில்லை. கடிதம் நாளை வரும் என்ற நினைப்பே அன்றைய நாளை வீணாக்கப் போதுமான சாட்டாக இருந்தது. நீண்ட காலம் என்று தெரிந்திருந்தால் ஏதாவது தொடங்கியிருப்பேன். குறுகிய காலம் என்று ஒவ்வொரு நாளும் நம்பியதால் எதையும் தொடங்கவில்லை. காத்திருப்பின் சூது இதுதான். மருமகனுக்கு முதலில் இரண்டு மாதம் என்று சொன்னார்களே, அந்த இரண்டு மாதமும் இப்படித்தான் போயிருக்கிறது.

பின்னர் அயலவர் ஒருவர் என்னைப் பத்திரிகை அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துப் போய் ஒப்புநோக்குவதற்கு விட்டார். சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மின்சாரம் இல்லாத இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கில் ஈர மை மணக்கும் தாள்களைப் பார்த்தேன். ஈய எழுத்துக்களை இடமிருந்து வலமாகத் தலைகீழாக வாசிக்க அச்சுக்கோர்ப்பாளர் ஒருவர் கற்றுத் தந்தார். ஒற்றுப் பிழை விட்டால் தலையில் குட்டுவார். பல்கலைக்கழகம் எனக்குக் கலைப்பட்டம் தந்தது, நன்றி. தொழிலைத் தந்தது அந்தக் காத்திருப்பு. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். மதிலில் என்னுடன் இருந்த நால்வரில் இருவர் அந்தக் காலத்தைத் தாண்டி வரவில்லை.

ஒரு காலையில் மருமகனுடன் ஒரு மணி நேரம் கதைத்தேன். எங்கள் காலை எட்டு மணி அவனுக்கு முதல் நாள் மாலை ஏழரை. நான் முதலில் கேட்டது, கணிதம் ஞாபகம் இருக்கிறதா என்று. சிரித்தான். உயர்நிலைப் பள்ளி முடிந்து மூன்று வருடம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கியவன். பின்னங்களே மறந்து போயிருந்தன. அவன் போகும் பிரிவில் டீசல் இயந்திரம், வாயுச் சுழலி, மின்பிறப்பாக்கி, பம்பி, குழாய், தீயணைப்பு எல்லாம் ஒரே ஆளின் தலையில் வரும். ஹலிபாக்ஸ் வகைப் போர்க்கப்பல்கள் பன்னிரண்டிலும் இரண்டு வாயுச் சுழலிகளும் ஒரு டீசல் இயந்திரமும் உள்ளன. 1992க்கும் 1996க்கும் இடையில் சேவையில் இணைக்கப்பட்டவை அவை. முப்பது வயதான இயந்திரத்தைப் பராமரிப்பவனுக்கு ஓமின் விதியும் அமுக்கமும் அலகு மாற்றமும் தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். வகுப்புத் தொடங்கியதும் பாடம் வேகமாக ஓடும், நின்று பின்னத்தை விளக்க அங்கு ஆசிரியருக்கு நேரம் இராது. பழைய பத்தாம், பதினோராம் வகுப்புப் புத்தகங்களை அம்மாவிடம் சொல்லி அனுப்புவி என்றேன். காலையில் ஒரு மணி நேரம், வரிசைக்குப் போகுமுன். மாலையில் வைத்தால் நடக்காது.

இரண்டாவது, கப்பல். அவன் கடற்படையில் சேர்ந்து பல மாதமாகியும் கப்பலொன்றின் இயந்திர அறைக்குள் கால் வைத்ததில்லை. ஐந்து நிமிட நடையில் கப்பல்கள் கட்டப்பட்டிருக்கின்றன! "கூப்பிட்டால் போவேன்" என்றான். இது எங்கள் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்த அடக்கம். பள்ளியில் அது நல்ல பெயர் வாங்கித் தரும், படையில் அவனை மறந்துபோகச் செய்யும். பொறுப்பான பெற்றி ஒபிசரிடம் எழுத்தில் கேள் என்றேன். வாயால் கேட்டது காற்றோடு போகும், தாளில் கேட்டதற்கு ஒருவர் பதில் எழுத வேண்டும். கப்பலில் வேலை பழக விடுங்கள், முடியாவிட்டால் பயிற்சிக்கான சிறிய ஓர்க்கா வகைக் கலங்களில் ஆள் தேவைப்படும்போது என்னை நினையுங்கள் என்று நான்கு வரி போதும். அந்த வகைக் கலங்கள் எட்டு எஸ்குவைமால்ற்றில் உள்ளன.

அவனை ஒரு விபத்தைப் பற்றியும் வாசிக்கச் சொன்னேன். 2014 பெப்ரவரி 27ஆம் திகதி, ஹவாய்க்கு வடக்கே, 'புரொடெக்டர்' என்ற விநியோகக் கப்பலின் இயந்திர அறை தீப்பற்றியது. எஸ்குவைமால்ற்றைத் தாய்த்துறையாகக் கொண்ட கப்பல் அது. மின்சாரம் அற்றுப்போன கப்பலில், நடுக்கடலில், இருட்டிலும் புகையிலும் பல மணி நேரம் நின்று தீயை அணைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர், கப்பலின் ஆட்களேதான். சிலர் காயமடைந்தார்கள், எவரும் இறக்கவில்லை. கப்பல் பேர்ள் ஹாபருக்கு இழுத்துச் செல்லப்பட்டது, மீண்டும் சேவைக்கு வரவில்லை. தான் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதை இலை கூட்டும் ஒருவனுக்கு நினைவூட்ட இது போதும் என்று எனக்குப் பட்டது.

மற்றவற்றை விரைவாகச் சொன்னேன். உடற்பயிற்சிக் கூடம் அங்கேயே இருக்கிறது. வருடாந்த உடற்தகுதிச் சோதனையில் இருபது கிலோ மண்மூட்டையை முப்பது தடவை தூக்க வேண்டும், அதற்குக் கட்டிலில் படுத்துப் பழக முடியாது. நீந்தப் பழகு. பிரெஞ்சு படி, அந்த நாட்டில் அது பதவி உயர்வோடு தொடர்புடையது. பணத்தில் கவனமாயிரு. 2025 ஓகஸ்டில் கனடா அடிநிலைப் படையினரின் சம்பளத்தை 20 வீதம் உயர்த்துவதாக அறிவித்தது. கையில் காசும் வெறும் நேரமும் உள்ள இளைஞனைக் கார் விற்பவர்கள் தூரத்திலிருந்தே மணந்துவிடுவார்கள். அவனுடன் காத்திருக்கும் ஒருவன், ஏழு வருடக் கடனில் ஒரு பிக்கப் வாகனம் வாங்கியிருக்கிறானாம். ஓட்டிப் போவதற்கு இடமில்லை, தளத்துக்குள் சுற்றுகிறான்.

அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு இரவும் "திகதி வந்ததோ?" என்று கேட்பதை நிறுத்துங்கள் என்றேன். அதுவும் ஒரு வகையில் அவனைச் சந்தி மதிலில் இருத்துவதுதான். சித்தப்பா மகள் பார்மசி படிக்கிறாள், பெரியம்மா மகன் வங்கியில் இருக்கிறான் என்ற பட்டியலையும் விட்டுவிடுங்கள். கூட்டுவது எங்களுக்கு அவமானமாகப் படுகிறது. கப்பலில் சேர்ந்த பின்னும் அவன் கூட்டத்தான் போகிறான், எல்லாக் கடலோடிகளும் தளம் கழுவுகிறார்கள். அவனுக்கு விலக வேண்டும் என்று தோன்றினால் விலகட்டும், அது குற்றமன்று. கடலைப் பார்த்துவிட்டு, அது தனக்கு ஒத்துவரவில்லை என்று விலகட்டும். தும்புத்தடியைப் பார்த்து விலகினால், என்ன தொழிலை விட்டு வந்தோம் என்பதே அவனுக்குத் தெரியாமற் போய்விடும்.

இதை ஒரு குடும்பக் கதையாக எழுதவில்லை. 2022 இறுதியிலிருந்து கனடாவில் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும் படையில் விண்ணப்பிக்கலாம். எங்கள் பிள்ளைகள் இன்னும் பலர் இந்த வாசலுக்கு வருவார்கள். அவர்களின் பெற்றோர் அணிவகுப்புப் படத்தை முகநூலில் இடுவார்கள். அதன்பின் வரும் மாதங்களைப் பற்றி எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கடந்த வாரம் மருமகன் தானாகவே எடுத்தான், அது அபூர்வம். எழுதிக் கொடுத்ததற்கு மூன்றாவது வாரத்தில் பதில் வந்திருக்கிறது. கிழமைக்கு இரண்டு நாள், கட்டிநிற்கும் கப்பலொன்றில் வேலை பழகலாம். கடல்நீர்ப் பம்பியொன்றைக் கழற்றிப் பூட்டினார்களாம், அதன் உட்பாகங்களை எனக்கு வட்ஸ்அப்பில் கீறி அனுப்பினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீதி மூன்று நாளும் தும்புத்தடிதான். வரும் செவ்வாயன்று ஓர்க்காக் கலமொன்றில் நான்கு நாள் கடலுக்குப் போகிறான், தொலைபேசி வேலை செய்யாது, அம்மாவிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றான். பயிற்சித் திகதி இன்னும் வரவில்லை.