கேளாத வலி, கேட்காத சம்மதம்

எலும்பு முறிந்தால் வலிக்கும். வெள்ளையர் எலும்பும் வலிக்கும், கறுப்பர் எலும்பும் வலிக்கும். இதைச் சொல்ல ஒரு ஆராய்ச்சியா என்று தோழர்கள் சிரிக்கலாம். ஆராய்ச்சி தேவைப்பட்டது. வலி எல்லாருக்கும் ஒன்றுதான். வலிக்கான மருந்து எல்லாருக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேரவில்லை.

1993இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் நாக்ஸ் டாட் என்கிற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கை, கால் எலும்பு முறிந்து வந்த 139 பேரின் கேஸ் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஏன் எலும்பு முறிவைத் தேர்ந்தெடுத்தார்கள்? வயித்துவலி என்றால் 'நடிக்கிறான்' என்று சொல்லிவிடலாம். தலைவலி என்றால் 'சும்மா சொல்றா' என்று தள்ளிவிடலாம். முறிந்த எலும்பை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். வேறு சாட்சி வேண்டாம்.

வலிமருந்து எதுவுமே கிடைக்காமல் போனவர்கள் வெள்ளையரில் 26 சதவீதம். லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களில் 55 சதவீதம். பேசும் மொழி, இன்சூரன்ஸ் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். கழித்த பிறகும் மிச்சம் நின்றது இனம்தான்.

பாவம், டாக்டருக்கு அவங்க வலி புரியலையோ என்று ஒரு சந்தேகம் வரும். அதே குழு அதையும் 1994இல் சோதித்தது. நோயாளி தன் வலிக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். டாக்டரும் அந்த நோயாளியின் வலிக்குத் தனியே ஒரு மதிப்பெண் போட வேண்டும். வெள்ளையர் வலியை மதிப்பிட்டது போலத்தான் மற்றவர் வலியையும் டாக்டர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். ஆக, கண்ணுக்கு வலி தெரிகிறது. தெரிந்ததற்கும் ஊசிக்கும் நடுவே எங்கேயோ அது தொலைந்து போகிறது.

எங்கே தொலைகிறது? 2000இல் அட்லாண்டாவில் டாட் மறுபடியும் தேடினார். இந்த முறை கறுப்பரும் வெள்ளையரும், மொத்தம் 217 பேர். 'வலி இருக்கிறது' என்று கேஸ் சீட்டில் எழுதப்பட்டது இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மருந்து போய்ச் சேர்ந்தது வெள்ளையரில் 74 சதவீதத்தினருக்கு, கறுப்பரில் 57 சதவீதத்தினருக்கு. தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வலிக்குது என்று நோயாளி சொல்லியிருக்கிறார். ஒருவர் அதை எழுதியும் வைத்திருக்கிறார். எழுதிய கை மருந்துச் சீட்டுப் பக்கம் போகவில்லை.

ஒரு மருத்துவமனை, ஒரு ஊர் என்று ஒதுக்கவும் வழியில்லை. 1993 முதல் 2005 வரை அமெரிக்கா முழுவதும் திரட்டிய அவசரப் பிரிவுக் கணக்கை 2008இல் வெளியிட்டார்கள். வலி என்று வந்தவர்களில் அபின் வகை மருந்து கிடைத்தது வெள்ளையரில் 31 சதவீதம், லத்தீன் அமெரிக்கரில் 24, கறுப்பரில் 23. அந்தப் பதின்மூன்று வருடத்தில் வலிக்கு மருந்து கொடுக்கும் பழக்கம் நாடெங்கும் கூடியது. இடைவெளி குறையவில்லை. தண்ணீர் ஏறினால் எல்லாத் தோணியும் ஏறும் என்பார்கள். கட்டி வைத்த தோணி எப்படி ஏறும்?

*

இது கெட்ட டாக்டர்களின் கதை என்று படித்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. நல்ல மனுசங்கதான். படித்தவர்கள், பண்பானவர்கள். 2016இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் 222 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. கறுப்பர் தோல் தடிமனானது, கறுப்பரின் நரம்புநுனிகளுக்கு உணர்ச்சி கம்மி என்கிற மாதிரியான பொய்களில் ஒன்றையாவது நம்பியவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். நம்பியவர்கள் கறுப்பர் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். சிகிச்சையையும் தப்பாகச் சொன்னார்கள்.

தடித்த தோல் என்கிற இந்தக் கதை எங்கே பிறந்தது? 1840களில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்ச்சா, பெட்சி, லூசி என்ற அடிமைப் பெண்கள் மீது மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் மகளிர் மருத்துவத்தை வளர்த்துக்கொண்டார். பருத்திக் காட்டில் சவுக்கடி வாங்குகிற உடம்புக்கு வலி குறைவு என்று நம்பினால்தான் சவுக்கை எடுத்தவன் ராத்திரி தூங்க முடியும். உழைக்கிற உடலைக் கல்லாக்கிப் பார்ப்பது ஆதிக்கத்தின் பழைய வித்தை. சவுக்கு போய்விட்டது, அந்தக் கதை வெள்ளைக் கோட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு வாதமும் இருக்கிறது. அமெரிக்காவில் அபின் வகை மாத்திரைகளை அள்ளிக் கொடுத்து லட்சக்கணக்கானோர் அடிமையாகிச் செத்தார்கள்; மருந்து கிடைக்காததால் கறுப்பர்கள் ஒரு வகையில் தப்பித்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அபத்தம். ஒருவனை நம்பி அளவுக்கு மீறிக் கொடுத்ததும் மருத்துவம் இல்லை. இன்னொருவனை நம்பாமல் கொடுக்காததும் மருத்துவம் இல்லை. கம்பெனி லாபத்துக்கு ஒரு உடல், சந்தேகத்துக்கு ஒரு உடல். இதில் தப்பித்தது யார்?

*

தமிழில் 'கேட்பது' என்கிற சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்கிறோம், வாயாலும் கேட்கிறோம். அவசரப் பிரிவில் முதல் கேட்பு நடக்கவில்லை என்பதை இதுவரை பார்த்தோம். இரண்டாவதைப் பார்ப்போம்.

1932இல் தொடங்கி நாற்பது வருடம் டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களுக்கு அவர்களுடைய மேகநோயைப் பற்றிச் சொல்லாமலே, மருந்து வந்த பிறகும் கொடுக்காமலே, நோய் எப்படிப் போகிறது என்று அரசாங்க டாக்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1972இல் அது அம்பலமானது. அந்த அவமானத்திலிருந்துதான் 'ஆராய்ச்சிக்கு முன் சம்மதம் வாங்கு' என்பது அங்கே கறாரான விதியானது. 1996இல் அந்த விதிக்கு ஒரு விலக்கு வந்தது. உயிர் போகிற அவசரம், நோயாளிக்கு நினைவில்லை, உறவினரைத் தேட நேரமில்லை என்றால் சம்மதம் இல்லாமலே சோதனையில் சேர்க்கலாம். அதற்கு முன் அந்த வட்டாரத்து மக்களைக் கலந்து பேச வேண்டும், பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

இந்த விலக்கின் கீழ் நடந்ததுதான் பாலிஹீம் சோதனை. காலாவதியான மனித ரத்தத்திலிருந்து எடுத்துத் தயாரித்த மாற்று ரத்தம் அது. 2003 முதல் 2006 வரை, நினைவிழந்து ரத்தம் கொட்டிக் கிடந்த சுமார் 700 பேர் பல நகரங்களில் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஆம்புலன்சில் ரத்தம் கிடையாது, அங்கே இதை ஏற்றிப் பார்க்கிறோம் என்பது ஒரு நியாயம். ஆனால் மருத்துவமனைக்குள் வந்த பிறகும், பக்கத்திலேயே நிஜ ரத்தம் இருக்கும்போதும், பன்னிரண்டு மணி நேரம் வரை அதையே ஏற்றலாம் என்று திட்டம் இருந்தது. வேண்டாம் என்பவர் என்ன செய்ய வேண்டும்? நீல நிற வளையம் ஒன்றைக் கேட்டு வாங்கி எந்நேரமும் கையில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். அடிபடுவதற்கு முன்பே 'நான் வரமாட்டேன்' என்று கையில் கட்டிக்கொண்டு அலைய வேண்டும்! கட்டாதவன் சம்மதித்தவன்.

முடிவு 2009இல் வந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பாலிஹீம் தரப்பில் 13.4 சதவீதம், மற்ற தரப்பில் 9.6 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாக இருக்கவும் இடம் உண்டு என்றது புள்ளியியல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி மறுத்தது. கம்பெனியும் மூடிப்போனது.

யாருடைய உடல்கள் இந்தச் சோதனைக்கு வந்து சேரும்? அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாதவருக்குப் பல கதவுகள் மூடியவை. காசு இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என 1986இல் சட்டம் போட்டுத் திறந்து வைத்த கதவு அவசரப் பிரிவு. ஏழைக்குத் திறந்த அந்த ஒரே கதவுக்குப் பின்னால், கேட்காமல் சோதிக்கலாம் என்கிற விதியும் நின்றுகொண்டிருக்கிறது.

இதை நான் எழுதும்போது என் கை கொஞ்சம் கூசுகிறது. வங்கிக் கவுன்டரில் கடன் பத்திரத்தை நீட்டும்போது கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத்தான் நீட்டுகிறோம். கைநாட்டு என்றால் விரலைப் பிடித்து நாமே உருட்டிவிடுகிறோம். 'இதுல என்ன எழுதியிருக்கு தம்பி' என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். 'எல்லாம் வழக்கமா உள்ளதுதாம்மா, போடுங்க' என்றேன். பின்னால் வரிசை நீளம். அவசரம் என்னுடையது, கடன் அந்த அம்மாவுடையது.

*

அப்படியானால் அவசரப் பிரிவில் ஆராய்ச்சியே வேண்டாமா? அப்படிச் சொன்னால் அது நம் தலையில் நாமே மண் போட்டுக்கொள்வது. சோதிக்காத சிகிச்சையும் கொல்லும். கடும் காய்ச்சலில் ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு உடனே வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது பாடப்புத்தக விதியாக இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவை 10.5 சதவீதத்துக்குக் குறையவில்லை. ஏற்றாதவற்றில் 7.3. நல்லது என்று நம்பிச் செய்தது உயிரைக் குடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது. அந்தச் சோதனையிலும் நேரமில்லாத அவசரம்தான். ஆனாலும் முதலில் பெற்றவர்களிடம் நாலு வார்த்தை வாய்வழியாகச் சொல்லிச் சரியா என்று கேட்டார்கள். குழந்தை நிலைப்பட்ட பிறகு முழுதாக விளக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். மனசிருந்தால் அவசரத்திலும் கேட்கலாம்.

அவசர மருத்துவமே யாருடைய கையில் வளர்ந்தது என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் நகரின் கறுப்பர் குடியிருப்பான ஹில் பகுதியில் அடிபட்டவரை ஏற்றிப் போக முன்பு போலீஸ் வண்டிதான் வரும். வண்டியில் தூக்கிப் போடுவார்கள், வழியில் சிகிச்சை கிடையாது. 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு பீட்டர் சாஃபர் என்ற மருத்துவரோடு சேர்ந்து, 'இவனுக்கு வேலை தரவே முடியாது' என்று தள்ளப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்குப் பல நூறு மணி நேரம் பயிற்சி கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றியது. வண்டிக்குள்ளேயே உயிரைப் பிடித்து நிறுத்தும் மருத்துவத்தை முறையாகச் செய்த முன்னோடிகள் அவர்கள். அந்த அனுபவத்தை வைத்து நான்சி கரோலைன் என்ற மருத்துவர் எழுதியதுதான் நாடு முழுவதற்குமான பாடத்திட்டமாயிற்று. 1975இல் நகர நிர்வாகம் சொந்த ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. புதுச் சேவையில் பெரும்பாலும் வெள்ளையர். வித்தை நம்முடையது, வேலை அவனுடையது. இந்தக் கதை நமக்குப் புதுசா?

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். அந்தச் சிறுத்தைகள் துப்பாக்கியோடு நின்ற படத்தைத்தான் நாம் சுவரொட்டியில் போட்டோம். அவர்கள் தங்கள் கிளைகள் பலவற்றில் இலவச மருத்துவமனை நடத்தியதையும், கறுப்பர்களை வாட்டிய அரிவாள்செல் நோய்க்கு வீடு வீடாக ரத்தப் பரிசோதனை செய்ததையும் போடவில்லை. பெயரை எடுத்த நாம் அந்த வேலையையும் எடுத்திருக்க வேண்டும்.

எனவே மருத்துவம் படிக்கும் தோழர்களுக்கு: உங்கள் அவசரப் பிரிவில் எலும்பு முறிந்து வந்தவர் வாசலைத் தாண்டிய நேரம் ஒன்று, முதல் வலிமருந்து அவர் உடம்பில் ஏறிய நேரம் ஒன்று. இந்த இரண்டு நேரத்தையும் முறையாக அனுமதி வாங்கி எண்ணுங்கள். யாருக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துப் பாருங்கள். கேட்காமல் ஒருவர் சாதியைக் குறிக்காதீர்கள். நாம் யாரை எதிர்த்து எழுதுகிறோமோ அவர்கள் செய்ததையே நாமும் செய்ததாகிவிடும்.

மற்ற தோழர்களுக்கு: நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கிறாரா, இல்லை பெருக்கல் குறி போட்ட இடத்தில் போடுகிறாரா?

போய்க் கேளுங்கள்.