சஸ்பென்ஸ் அக்கவுண்டில் ஒரு வியாதி

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டருக்குப் படிக்கலை. பி.காம். மூணாவது வருஷம். ஆனா டாக்டர்கள் இந்த விஷயத்துல பண்ணின தப்பு எனக்கு நல்லாவே புரியற தப்பு. கணக்குத் தப்பு.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா என்ன பண்ணுவோம்? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம். அப்புறம் உக்காந்து தேடணும். க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம் விஷயத்துல மருத்துவ உலகம் தேடறதுக்குப் பதிலா அந்தத் தொகையை நோயாளி பேர்ல பற்று எழுதிட்டு புத்தகத்தை மூடிடுச்சு. "உனக்கு மனசுலதான் பிரச்சினை."

பேரைப் பார்த்து "எனக்கும்தான் அசதியா இருக்கு"ன்னு சொல்லாதீங்க. இது அந்த அசதி இல்லை. கொஞ்ச தூரம் நடந்தாலோ, ஒரு மணி நேரம் படிச்சாலோ அதுக்கான தண்டனை அடுத்த நாள் வரும். சிலர் வாரக்கணக்கா எழுந்திருக்க மாட்டாங்க. தூங்கினாலும் தீராது. பலருக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம்தான் இது ஆரம்பிக்குது. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்னு வரும். அங்கதான் வம்பே.

1955ல லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில ஊழியர்கள் 292 பேர் ஒரே சமயத்துல விழுந்தாங்க. ஆஸ்பத்திரியையே ஜூலையிலேர்ந்து அக்டோபர் வரை மூட வேண்டியதாப் போச்சு. 15 வருஷம் கழிச்சு, 1970ல, மெக்கிவிடி, பியர்ட்னு ரெண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிட்டு இது கூட்டு ஹிஸ்டீரியான்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. அவங்க சொன்ன முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு, பாதிக்கப்பட்டவங்கள்ல பெண்கள் அதிகம்! நோயாளிகளை நேர்ல பார்க்கவே இல்லை. வவுச்சரைப் பார்க்காம ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டா எங்க சார் சும்மா விடுவாரா?

அடுத்து அமெரிக்கா. 1980களின் நடுவுல நெவாடாவுல தாஹோ ஏரி பக்கம் இதே மாதிரி ஒரு கொத்து. எப்ஸ்டீன்-பார் வைரஸ்னு சந்தேகப்பட்டாங்க, முழுசாப் பொருந்தலை. 1988ல நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெச்ச பேர்தான் இப்ப இருக்கிற பேர். பத்திரிகைகள் வெச்ச பேர் "யப்பி ஃப்ளூ". அதாவது வசதியான பசங்களோட காய்ச்சலாம்.

இதுல எனக்குப் பிடிச்ச (!) கட்டம் பணம். 1995லேர்ந்து 1998 வரை இந்த நோய்க்குன்னு சி.டி.சி. செலவு காட்டின 2 கோடியே 27 லட்சம் டாலர்ல, 88 லட்சம் வேற வேலைகளுக்குப் போயிருந்தது. இன்னொரு 41 லட்சத்துக்குச் சரியான ஆவணமே இல்லை. சொன்னது நான் இல்லை, 1999ல அரசாங்கத் தணிக்கை. காரணம் தெரியலைன்னு கைவிரிக்கிறவங்க, காரணம் தேடக் கொடுத்த காசை என்ன பண்ணாங்கன்னு பாருங்க.

வைரஸ் கட்சியும் சறுக்கியிருக்கு, மறைக்கலை. 2009ல எக்ஸ்.எம்.ஆர்.வி.ங்கற வைரஸ்தான் காரணம்னு சயின்ஸ் இதழ்ல வந்தது. மத்தவங்க தேடினா கிடைக்கலை. ஆய்வகத்துல ஏற்பட்ட கலப்படம்னு தெரிஞ்சு 2011ல கட்டுரையையே வாபஸ் வாங்கினாங்க. ரெண்டே வருஷத்துல கணக்கு நேராயிடுச்சு. ஹிஸ்டீரியாக் கட்டுரையை இன்னும் யாரும் வாபஸ் வாங்கலை.

அதே 2011ல லான்செட்ல பேஸ் ஆய்வு. 641 பேர். "பயப்படற எண்ணத்தை மாத்து, உடற்பயிற்சியை ஏத்திக்கிட்டே போ, சரியாகும்"ங்கற கட்சி. பணம் கொடுத்தவங்கள்ல பிரிட்டன்ல நோயாளிகளுக்கு உதவித்தொகை தர்ற அரசுத் துறையும் ஒண்ணு. உடல் இயக்கத்துக்கு நூத்துக்கு மார்க் போட்டாங்க. 65 அல்லது அதுக்குக் கீழ இருந்தாதான் ஆய்வுல சேர முடியும். குணமானவர்னு சொல்ல 85 வேணும்னு முதல்ல திட்டம். பின்னாடி அதை 60ன்னு குறைச்சாங்க. அப்ப 65ல உள்ள வந்தவர் 60க்கு இறங்கினாலும் அந்தப் பேப்பர்ல பாஸ்! என்ன கொடுமை சார் இது? பிரிட்டனோட நைஸ் அமைப்பு உடற்பயிற்சியை ஏத்திக்கிட்டே போற சிகிச்சையைக் கைவிட 2021 ஆச்சு. அதுவரைக்கும் எத்தனை பேர் அதைச் செஞ்சு இன்னும் மோசமானாங்களோ.

மனசுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. வருஷக்கணக்காப் படுத்துக் கிடந்தா யாருக்கும் மனசு உடையும். அது விளைவு. விளைவைக் காரணம் பத்தியில எழுதறதுதான் என் சண்டை. 2025ல எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளோட டி.என்.ஏ.வைப் பார்த்து 8 இடங்கள்ல வித்தியாசம் சொல்லியிருக்கு. நோய் எதிர்ப்பு, நரம்பு சம்பந்தப்பட்ட ஜீன்களும் அங்க இருக்கு. இதுவும் முழு விடை இல்லை. ஆனா தேடறாங்க.

இதெல்லாம் ஏன் படிச்சேன்னா, எங்க கிளாஸ்ல ஒருத்தி போன வருஷம் டெங்கு வந்து தேறினப்புறமும் மாடி ஏற முடியாம கீழயே உக்காந்திருப்பா. அவளுக்கு இருந்தது இந்த வியாதியான்னு எனக்குத் தெரியாது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு அவளே சொன்னா. அதை வெச்சே "அரியர் பயம்"னு முதல்ல கிண்டல் பண்ணினது நான்தான். இந்த செமஸ்டர் அவ மேல வந்துடறா, ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிட்டு. நான் இன்னும் அவகிட்ட சாரி சொல்லலை.